காக்பிட்டில் நின்ற பெண்ணைப் பற்றி, என் மகனுக்கு

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அப்பாவின் போனுக்கு வந்த செய்தியை, அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் பார்த்தேன். நல்லபடியாக இறங்கிவிட்டாய், அறை கிடைத்துவிட்டது, சாப்பாடுதான் கொஞ்சம் கஷ்டம் என்று எழுதியிருந்தாய். அம்மா என்ற சொல்லே அதில் இல்லை. சென்னை ஏர்போர்ட்டுக்கு என்னை அழைத்து வர வேண்டாம் என்று நீ சொன்னதாக உன் மாமா வந்து சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சரி என்று மட்டும் சொன்னேன். என் போனை நீ எடுப்பதில்லை, நான் அனுப்புவதைப் படிப்பதும் இல்லை. அதனால் இப்படி, எல்லோரும் படிக்கக்கூடிய இடத்தில் எழுதுகிறேன். யாராவது ஒருவர் உனக்கு அனுப்பிவைப்பார்கள், எரிச்சலிலாவது நீ கடைசிவரை படிப்பாய் என்று ஒரு நினைப்பு. உன் பெயரை எழுதவில்லை. அந்தப் பெண்ணின் பெயரை எழுத எனக்கு உரிமை கிடையாது. ஊரை மட்டும் மறைக்கப் போவதில்லை, ஏனென்றால் நடந்ததில் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பெண்ணிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ கோ-பைலட்டாக இருந்தபோது எங்கள் இரண்டு பேரையும் சென்னையிலிருந்து மதுரைக்கு ஏற்றிக்கொண்டு போனாயே, அந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். அப்பா கீரப்பாளையம் உரக்கடையைப் பூட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வேட்டி சட்டையில் வந்திருந்தார். விமானம் மேலே போனதும் உன் குரல் தமிழில் கேட்டது. எந்த உயரத்தில் போகிறோம், வெளியே எவ்வளவு வெயில் என்று என்னவோ சொன்னாய். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அழுவதை நான் பார்க்கக் கூடாது என்று. தண்ணீர் கொடுக்க வந்த பெண்ணிடம் நான், "தெனமும் இப்படிப் போறியே, பயமா இருக்காதா கண்ணு?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "சார் உள்ள இருக்கும்போது என்ன பயம் ஆன்ட்டி" என்றாள். ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்தில், தெருவில், ரேஷன் கடையில் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. நீ கேப்டன் ஆனபோது சிதம்பரம் கீழ வீதியில் உன் படம் போட்டுப் பேனர் வைத்தார்கள். அதற்கும் நான் தடை சொல்லவில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம் நீ பையோடு வாசலில் வந்து நின்றாய். சொல்லாமல் வருகிற பிள்ளை இல்லை நீ. "என்னாடா, லீவா?" என்று அப்பா கேட்டதற்கு, "லீவுதான், ஆபீஸ்ல சின்ன பாலிடிக்ஸ்" என்றாய். "பைலட்டுக்கு என்னாடா பாலிடிக்ஸ்?" என்று அவர் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. கடலூரிலிருந்து உன் மாமாவை நீயே வரச் சொல்லியிருந்தாய். அவன் வந்து உட்கார்ந்து காப்பி குடித்து முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாய். விமானத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் உன் மேல் கம்ப்ளெய்ன்ட் கொடுத்திருக்கிறாள். கம்பெனி விசாரணைக் கமிட்டி போட்டிருக்கிறது. முடிவு வரும்வரை நீ ஓட்டக் கூடாது.

"என்னான்னு கம்ப்ளெய்ன்ட்?" என்றார் அப்பா.

"தப்பா நடந்துகிட்டேன்னு."

"நடந்துகிட்டியா?" என்று நான் கேட்டேன்.

"ம்மா, நீயே இப்படிக் கேக்கறியா?"

அதுதான் உன் பதில். இல்லை என்ற ஒற்றைச் சொல்லுக்காக நான் காத்திருந்தேன். நீ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாய். வேலைக்குப் புதிது, நல்ல ரூட் கிடைக்கவில்லை என்று கோபம், யாரோ பின்னால் இருந்து தூண்டிவிடுகிறார்கள். கடலூர்ப் பெண் என்பதால் நீ உரிமையாகப் பேசினாயாம், அதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாளாம். கடலூர் என்றதும் உன் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தான். "கடலூர்ல எங்க?" "ஓ.டி., முதுநகர்." "அப்ப வேல முடிஞ்சிது போ. நாளைக்கே போயி பேசிடலாம். நம்மூர்க்காரங்கதான, சொன்னா கேட்டுக்குவாங்க." என் பக்கம் திரும்பி, "நீயும் வாக்கா. வாயே தொறக்க வேணாம். பொம்பள ஒருத்தி கூட இருந்தா ஒரு மரியாதை, அவ்ளோதான்" என்றான். அந்த மரியாதைக்காக நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன்.

சிப்காட் தாண்டும்போது கெமிக்கல் நாற்றத்துக்காகக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னச் சந்து, ஓட்டுக்கு மேல் தார்ப்பாய் போட்ட வீடு, கதவில் ஒரு சிலுவை. அந்தப் பெண்ணின் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா இல்லை. டியூட்டி முடிந்து வந்து துவைத்த வெள்ளைப் புடவை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் யார் என்று சொன்னதும் அந்த அம்மா ஒரு நொடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மாமா வைத்த பழப்பையை அவர் பார்க்கக்கூட இல்லை.

"நாங்க சண்ட போட வரலம்மா," என்று மாமா ஆரம்பித்தான். "ரெண்டும் நம்மூர்ப் புள்ளைங்க. பொண்ணுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி இருக்குது. பேரு வெளிய வந்தா யாருக்கு நஷ்டம் ஜாஸ்தி, நீங்களே சொல்லுங்க."

"பேர வெளிய வுடணும்னு நாங்க நெனைக்கலயே. கமிட்டி கேட்டுச்சி, எம்புள்ள சொல்லிச்சி."

"எங்க புள்ள பக்கமும் கேக்கணும் இல்ல?"

"அதுக்குத்தானங்க கமிட்டி. அவர் அங்க சொல்லட்டும். எங்கூட்டுக்கு ஏன் வரீங்க?"

அதற்குள் அந்தப் பெண்ணே உள்ளிருந்து வந்துவிட்டாள். ஒல்லியான, மாநிறப் பெண். தலை வாராமல் இருந்தாள். மாமாவைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்து, "நீங்கதான் அவுங்க அம்மாவா?" என்றாள். ஆமாம் என்றேன். என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"உங்கள எனக்குத் தெரியும். கத்திரிக்கா கொத்சு நீங்க பண்ற மாதிரி யாரும் பண்ண முடியாதுன்னு சொல்வார். லீவு வந்தா சிதம்பரம் வா, அம்மாவ சமைச்சுப் போடச் சொல்றேன்னார். எனக்கு அங்க யாரையும் தெரியாது. வேலைக்குச் சேந்த புதுசு. அம்மாவப் பத்தி இவ்ளோ பேசறவரு தப்பா இருக்க மாட்டார்னு நெனச்சிட்டேன்."

"பாத்தீங்களா, பிரியமாத்தான் பேசியிருக்கான்" என்று மாமா குறுக்கே புகுந்தான். நர்ஸம்மா அவனைப் பார்த்து, "அவள பேச வுடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவள் சொன்னதை நீ கமிட்டியில் கேட்டிருப்பாய். நான் எப்படிக் கேட்டேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பைலட்டில் ஒருவர் பாத்ரூமுக்கு வெளியே வந்தால், அவர் திரும்பும்வரை விமானத்தில் வேலை பார்க்கிற ஒருவர் காக்பிட்டுக்குள் போய் நிற்க வேண்டும், ஓட்டுகிறவரைத் தனியாக விடக் கூடாது என்று ஒரு விதி உண்டாம். கதவு உள்ளே பூட்டிக்கொள்ளுமாம். அந்த விதி எதற்காக வந்தது என்று நீயே ஒரு தரம் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கியிருக்கிறாய். பயணிகளின் உயிருக்காக வைத்த அந்தக் கதவை நீ இதற்கு உபயோகப்படுத்தினாய். முதல் தடவை அவள் பின்கழுத்தில் கை வைத்தாய். தெரியாமல் பட்டது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அன்று ஹோட்டலில் அவள் அறைக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்தாய், அவள் எடுக்கவில்லை. மறுநாள் பறக்கும்போது மறுபடி அவளையே உள்ளே கூப்பிட்டாய். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஸீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, உன் கை போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போனது. "நம்மூர்ப் பொண்ணு, ஏன் பயப்படற" என்றாயாம்.

"கத்தியிருக்கலாமேம்மா நீ" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வாயைத் திறக்க வேண்டாம் என்று கூட்டிப் போன இடத்தில் நான் பேசிய முதல் வாக்கியம் அது. இப்போது நினைத்தாலும் நாக்கு கூசுகிறது.

அவள் கோபப்படவில்லை. "எப்படி ஆன்ட்டி கத்தறது? ப்ளேன அவர்தான் ஓட்டறார். கையத் தட்டிவுட்டா, தள்ளிவுட்டா, எதாச்சும் ஆயிடுமோன்னு பயம். பின்னாடி அவ்ளோ பேர் உக்காந்திருக்காங்க. கொழந்தைங்க இருக்காங்க. கதவத் தொறந்துகிட்டு ஓடலாம்னா, கேப்டனத் தனியா வுட்டுட்டு வந்துட்டான்னு எம்மேலதான் வரும். நான் முன்னாடி கண்ணாடியவே பாத்துகிட்டு நின்னேன். வெறும் மேகம்தான் தெரிஞ்சிச்சி."

தலை நரைக்கும்வரை பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். வீட்டுப்பாடம் எழுதாததற்குப் பொய் சொல்கிற பெண்ணையும் பார்த்திருக்கிறேன், எதையோ சொல்ல முடியாமல் மேசை ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு நிற்கிற பெண்ணையும் பார்த்திருக்கிறேன். அவள் சொல்லி முடித்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் மிச்சமில்லை. வீட்டுக்கு வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது கால் நுழையவில்லை. நர்ஸம்மா குனிந்து செருப்பை நேராகத் திருப்பி வைத்தார். பழப்பையையும் எடுத்து மாமா கையில் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினான் உன் மாமா. "அது நல்லா ரெடி பண்ணி வச்சிருக்குதுக்கா. ஆனா ஒண்ணு, உள்ள நடந்தத பாத்தவன் யாரும் இல்ல. அந்தக் கோ-பைலட்டு பையன் மட்டும் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டா கேஸே நிக்காது" என்றான். மழையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் குடிக்கவில்லை.

அந்தப் பையனை எனக்குத் தெரியும். ஆனித் திருமஞ்சனத்துக்கு உன்னோடு வந்து நம் வீட்டில் தங்கினவன். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவான், பண்டிகைக்குப் போன் செய்வான். மறுநாள் காலை பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் நீ என் எதிரே வந்து உட்கார்ந்து, "நீ சொன்னா அவன் கேப்பாம்மா. நாளைக்குக் கமிட்டி அவன கூப்டுது. நான் எதையும் பாக்கலன்னு சொல்லச் சொல்லு. அது போதும்" என்றாய். அப்பாவும் மாமாவும் சுவரோரம் நின்றிருந்தார்கள். "நீயே சொல்லேன்" என்றேன். "நான் பேசக் கூடாது, ரூல் இருக்கு" என்றாய். ரூல் என்ற சொல் உன் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது! நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை என் முன்னால் வைத்தாய்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது.

"இருக்கேம்ப்பா. நாளைக்கு உன்ன கூப்டிருக்காங்களாமே."

"ஆமாம்மா."

"நீ என்ன பாத்த?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். இது நீ சொல்லிக் கொடுத்த கேள்வி இல்லை.

"அம்மா, நான் எப்படி உங்ககிட்ட..."

"சொல்லு. நான் கேக்கறேன்ல."

"எனக்கு அன்னைக்கு வெளிய போகணும்னே இல்லம்மா. சார்தான், நீ போய்ட்டு வா, நான் பாத்துக்கறேன்னார். முந்தின நாளும் அப்படித்தான் சொன்னார். திரும்பி வந்து கூப்பிட்டா கதவு உடனே தொறக்கல. தொறந்ததும் அந்தப் பொண்ணு என்னை இடிச்சிக்கிட்டு வெளிய ஓடிச்சு. முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. சார் சிரிச்சார். நான் ஒண்ணும் கேக்கல. எனக்கு அடுத்த மாசம் கேப்டன் ட்ரெய்னிங் வருது. சார் ரிப்போர்ட் எழுதணும். அதான் கேக்கலம்மா."

"கேப்டன் ரொம்பத் தாழ எறக்கினா நீ என்ன செய்வ?"

"கத்துவேன். கேக்கலன்னா நானே கன்ட்ரோல எடுத்துக்குவேன்."

"அப்ப இதையும் சொல்லு. பாத்தத அப்படியே சொல்லு, கூட்டாம கொறைக்காம. அம்மா சொல்றேன்."

நீ போனைப் பிடுங்கித் தரையில் அடித்தாய். உன் கை என் முகத்துக்கு அருகில் வந்து நின்றதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "நீயெல்லாம் ஒரு அம்மாவா" என்றாய். உன் மாமா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான். அப்பா மட்டும் மெதுவாக, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில், "பெத்த புள்ளைய காட்டிக் குடுத்துட்டியே" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. இரண்டு வேளைச் சாப்பாட்டை மேல வீதி மெஸ்ஸில் முடித்துக்கொள்கிறார். நான் சமைத்ததை மூடி வைத்துவிட்டு நானும் படுத்துவிடுகிறேன்.

கமிட்டி உன்னைக் குற்றவாளி என்றது, கம்பெனி உன்னை வேலையை விட்டு அனுப்பியது, வேறு ஒரு தேசத்தில் சரக்கு ஏற்றிப் போகிற விமானத்தில் நீ இடம் பிடித்துவிட்டாய். உன் கதை தொடர்கிறது. மற்ற இருவரின் கதையை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பையன் இன்னும் கோ-பைலட்தான். சில கேப்டன்கள் அவனோடு வேலைக்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர பேசுவதில்லையாம். "பரவால்லம்மா, ஓட்ட விடறாங்க" என்கிறான். முடிவு வந்ததும் நான் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன். நியாயம் கிடைத்தது என்று அவர் நிம்மதியாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. "சந்தோசம்லாம் ஒண்ணும் இல்லம்மா. வேலைய வுட்டுட்டா. கதவு சாத்துன எடத்துல நிக்க முடியலங்கறா. ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கூட ஏற மாட்டேங்கறா, மூணு மாடியும் நடந்தே வரா" என்றார். பிறகு, "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டார்.

எங்கே தவறினோம் என்று உன் சின்ன வயதையெல்லாம் துழாவிப் பார்த்தேன். கிள்ளையில் உன் அத்தை வீட்டுக்குப் போனால் பிச்சாவரத்தில் படகு ஏறப் பயந்த பெண் குழந்தைகளுக்கு நீதான் கை கொடுத்து ஏற்றிவிடுவாய். எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடம் போகாமல் கஞ்சி வைத்துக் கொடுப்பாய். கெட்ட பிள்ளையாக நீ ஒரு நாளும் இருந்ததில்லை. அப்படி ஏதாவது ஒன்று கிடைத்திருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். கிடைக்கவில்லை. நல்ல பிள்ளையாக வளர்ந்த ஒருவன், தன்னை யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபோது இதைச் செய்தான் என்றுதான் நான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நாற்காலியை உனக்குக் கொடுத்தது மேகத்துக்கு மேலே முடிவெடுக்க. உனக்குக் கீழே வேலை செய்கிற ஒருத்தியால் மறுக்க முடியாது என்று தெரிந்துதான் நீ கையை நீட்டினாய். புதிய இடத்தில் சரக்கு மட்டும்தான் என்றாலும் அங்கேயும் பெண்கள் வேலை செய்வார்கள், உன் கையெழுத்துக்காகக் காத்திருப்பார்கள். அவர்களிடம் ஊரைப் பற்றிப் பேசாதே. என்னைப் பற்றிப் பேசவே பேசாதே. வேலையை மட்டும் பேசு.

நேற்று மத்தியானம் காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒருவர் போன் செய்தார். கூட்டுறவு பேங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவராம். அவர் பெண் எம்.எஸ்.சி. முடித்திருக்கிறாளாம். உன் ஜாதகத்தை அப்பா யாரிடமோ கொடுத்திருக்கிறார் போல, எனக்குத் தெரியாது. "பையன் வெளிநாட்ல பைலட்டுன்னாங்க, ரொம்ப சந்தோசம்" என்று மரியாதையாகப் பேசினார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இங்க இருந்த வேலைய ஏம்மா வுட்டாரு?" என்று கேட்டார்.

"வுடலங்க. அனுப்பிட்டாங்க" என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் யார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. நீ செய்ததை மட்டும் சொன்னேன்.

நான் முடித்ததும் அவர் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க. அவரு உங்க சொந்தப் புள்ளதானா?"

"ஆமாங்க. நான் பெத்தது. ஒரே புள்ள."

இனி யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். உனக்கு ஒரு குடும்பம் அமையக் கூடாது என்று எனக்கு எந்த ஆசையும் இல்லை. வருகிறவள் தெரிந்துகொண்டு வரட்டும். ஒருத்தி சம்மதிப்பதற்கு முன்னால், அவள் எதிரே உட்கார்ந்து நீயே உன் வாயால் இதைச் சொல்கிற நாள் வந்தால், அன்றைக்கு நான் நிறுத்திக்கொள்கிறேன். அதுவரை அதை நான்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சொல்வதற்கு இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

அம்மா